ஆறு நிறையத் தண்ணீர்

போரில் தண்ணீர் என்றதும் என்னைப் போன்ற பொறியாளனுக்கு அணையும் குழாயும்தான் நினைவுக்கு வரும். 1942 சிங்கப்பூர் அப்படிப்பட்ட கதை. ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் கடற்பாலத்தைத் தகர்த்தது; ஜொகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் கூடவே அறுந்தது. பிறகு நகரத்துக் குழாய்கள் குண்டுகளில் உடைந்தன. பிப்ரவரி 15 அன்று பெர்சிவல் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம்.

ரெம்பாவ் தோட்டங்களுக்குப் போர் வேறு மாதிரி வந்தது. எங்கள் கிணற்றில் யாரும் குண்டு போடவில்லை. ஆள்களைத்தான் கொண்டுபோனார்கள். பாட்டியின் அப்பாவும் 'சியாமுக்குப் போனவர்'. திரும்பி வந்த சிலரில் ஒருவர்.

சியாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். சியாம் பக்கத்தில் பெரும்பகுதி குவாய் நொய் ஆற்றை ஒட்டியே போகிறது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு முகாமின் கழிவு, ஆற்றில் அதற்குக் கீழே இருந்த முகாமின் குடிநீர். 1943 மே மாதம் மழையோடு காலராவும் இறங்கியது.

காலராக் கிருமி கொதிநீரில் பிழைக்காது. இது அன்றைக்கே தெரிந்த விஷயம். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைத் தொடக்கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கிய பிறகுதான் சோறு என்று கட்டளை போட்டார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தோட்டத்திலிருந்து போன நம்மவர்களுக்குப் பெரும்பாலான முகாம்களில் மருத்துவரும் இல்லை, கட்டளை போட ஆளும் இல்லை. விகிதத்தில் பார்த்தால் அவர்களின் சாவுதான் மிக அதிகம்.

"கொதிக்க வச்சுக் குடிச்சிருக்கலாமே" என்று இன்றைக்குச் சுலபமாகக் கேட்கலாம். கொதிக்க வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். காய்ந்த விறகு வேண்டும். அங்கே மூங்கிலெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேல் நேரம் வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மண் சுமப்பவனுக்கு அடுப்பு ஊத ஏது நேரம்?

பாட்டி சொல்வார்: "நாலு பேரு சேந்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் வச்சிருந்தாங்களாம். ராத்திரி மொறை போட்டுத் தண்ணி காச்சுவாங்களாம். காச்சுறவன் தூங்கிட்டா மத்த மூணு பேரும் மறுநாளு குடிக்காம இருக்கணும். அதான் பேச்சு." அந்த நால்வரில் இருவர் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒரு தகரம், கொஞ்சம் விறகு, ஒருவன் தூக்கம். அவர்கள் கட்டிய நீர் சுத்திகரிப்பு நிலையம் அவ்வளவுதான்.

1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்ந்த முதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு, மக்களின் குடிநீர் அமைப்புகளைத் தாக்கக்கூடாது என்கிறது. தேவையான சட்டம்தான். ஆனால் சியாமில் தாக்குவதற்குக் குழாயே இல்லை. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது. அதைக் குடிக்கத்தக்கதாக ஆக்கும் விறகும் நேரமும்தான் ஆள்களிடமிருந்து போயின. 2023 அக்டோபரில் காசாவில் எரிபொருள் நின்றபோது, கடலோரத்தில் இருந்துகொண்டே கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் நின்றுபோயின. எண்பது வருஷத்தில் விறகு டீசலாக மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் குழாயில் இப்போது குளோரின் போட்ட தண்ணீர் வருகிறது. வடிகட்டியும் மாட்டியிருக்கிறேன். பாட்டி அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார். "வேண்டாம் பாட்டி" என்று நான் சொல்வதில்லை.