அம்மா கேட்ட கேள்வி

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து, வானூர் வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் சென்னையில். போன வருடம் ஒரு வாடிக்கையாளர் பழைய ஏபிஐ மேனேஜரை விட்டுவிட்டுப் புதிய பதிப்புக்கு மாற முடிவெடுத்தார். "புதுசைக் கத்துக்கிட்டு நீங்களே மாத்திக் கொடுங்க. இல்லைன்னா சென்னைக்கு வந்து வேற டீம்ல சேருங்க" என்றார் மேனேஜர். அம்மாவை யாரிடம் விட்டுப் போவது?

நீங்கள் போனில் கரன்ட் பில் கட்டும்போது, அந்தச் செயலி இன்னொரு கம்ப்யூட்டரிடம் விவரம் கேட்கிறது. அப்படிக் கேட்கும் வாசல்தான் ஏபிஐ. யார் வரலாம், எத்தனை முறை வரலாம் என்று அந்த வாசலில் நின்று பார்ப்பது ஏபிஐ மேனேஜர். நான் பார்ப்பது, 2005-ல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்துடையது.

அதன் 2-ம் வரிசைப் பதிப்புகளில் ஐந்து பிரிவுகள்: பப்ளிஷர், ஸ்டோர், கீ மேனேஜர், டிராஃபிக் மேனேஜர், கேட்வே. 2019-ல் வந்த 3.0-வில் ஸ்டோர், டெவலப்பர் போர்ட்டல் ஆனது. 2021-ல் வந்த 4.0-வில் பப்ளிஷர், போர்ட்டல், கீ மேனேஜர் மூன்றும் 'கன்ட்ரோல் பிளேன்' என்ற ஒரே தலைமையிடத்துக்குள் வந்துவிட்டன. கேட்வேயும் டிராஃபிக் மேனேஜரும் தனித்தனியாகவே இருக்கின்றன.

அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் புரியும்படி சொன்னேன்: "முன்னாடி மெனு மாறினா, அந்தச் சுற்றறிக்கையை ஒவ்வொரு சென்டருக்கும் நாமளே காப்பி எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். ஒரு சென்டருக்குப் போகலைன்னா அங்கே பழைய மெனுதான். இப்போ தலைமையிடம் 'மெனு மாறிடுச்சு'ன்னு அறிவிக்கும். சென்டர்களே வந்து வாங்கி, மனப்பாடமா வெச்சுக்கும்."

சென்டர் என்றது கேட்வேயை. காப்பி எடுப்பது என்றது, கேட்வேக்களுக்கிடையே ஃபைல்களை நகலெடுக்க நான் எழுதி வைத்திருந்த நிரல்களை. புதிய முறையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, ஒன்றிய ஆபீஸே ஒரு நாள் பூட்டிக் கிடந்தா பிள்ளைங்க பட்டினியா?"

அந்தக் கேள்வியை அப்படியே சோதனைப் பட்டியலில் சேர்த்தேன். சோதனைச் சூழலில் கன்ட்ரோல் பிளேனை நிறுத்திப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்த கேட்வேக்கள், நினைவில் இருந்ததை வைத்து வழக்கம்போல் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. டோக்கனிலேயே விவரமும் கையொப்பமும் இருப்பதால், அதைச் சரிபார்க்கவும் தலைமையிடத்தைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனால், அந்த நேரத்தில் புதிதாகத் தொடங்கிய கேட்வே மட்டும் வெறுங்கையோடு நின்றது. அதற்கு ஏபிஐ விவரங்களைக் கொடுக்க ஆள் இல்லை.

கூட்டம் அதிகமாகும் நாளில்தான் புதிய கேட்வேக்களைத் தொடங்குவோம். அதே நாளில் தலைமையிடமும் படுத்துவிட்டால்? இதை விளக்கியதும், செலவைப் பார்த்து ஒரே கன்ட்ரோல் பிளேன் போதும் என்றிருந்த வாடிக்கையாளர், இரண்டு வைக்கச் சம்மதித்தார்.

இரண்டு மாதத்தில் மாற்றம் முடிந்தது. சென்னைப் பேச்சை மேனேஜர் மறுபடி எடுக்கவில்லை. அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் தெருமுனைப் பால்காரர் வீடு வரை நடக்கிறார். காலை மீட்டிங்குக்கு முன்னால் அவரோடு நானும் போய் வருகிறேன்.