டைமிங் பெல்ட்டை எப்ப மாத்தணும்? ஒரு டாக்டரோட கணக்கு

1/
டாக்டருக்கு கார் பெல்ட்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. போன ஒரு மாசமா எங்க வீட்டுல ஓடின பஞ்சாயத்து இது. கடைசில முடிவெடுக்க எனக்குக் கைகொடுத்தது, ஆஸ்பத்திரில தினமும் போடுற ஒரு கணக்குதான். கார் வச்சிருக்கவங்க, குறிப்பா செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. நீளமான த்ரெட்.

2/
முதல்ல அது என்னன்னு பாத்துடுவோம். எஞ்சின் கீழ்ப்பகுதில கிராங்க் சுத்துது, பிஸ்டன் மேலயும் கீழயும் போகுது. மேல கேம் ஷாப்ட் சுத்தி வால்வுகளைத் திறந்து மூடுது. இந்த ரெண்டும் ஒரே தாளத்துல போகணும். கிராங்க் 2 சுத்து சுத்தினா கேம் சரியா 1 சுத்து. அந்தத் தாளத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான் பல் வச்ச ரப்பர் பெல்ட். டைமிங் பெல்ட்னு பேரு அதனாலதான்.

3/
எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒரு கணக்கு. கிள்ளையிலேருந்து சிதம்பரம் போக சுமாரா அரை மணி நேரம். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுத்துன்னு வச்சுக்கிட்டா, ஒரு தடவை போறதுக்குள்ள கிராங்க் 60,000 சுத்து. ஒவ்வொரு வால்வும் 30,000 தடவை திறந்து மூடும். ஒரு தடவைகூட தாளம் தப்பக் கூடாது.

4/
தப்பினா என்ன ஆகும்? பெரும்பாலான டீசல் எஞ்சின்லயும், நிறைய பெட்ரோல் எஞ்சின்லயும், வால்வு இறங்குற இடமும் பிஸ்டன் ஏறுற இடமும் ஒண்ணுதான். நேரம் மட்டும்தான் வேற. பெல்ட் அறுந்தாலோ பல்லு உதிர்ந்தாலோ, திறந்த வால்வை பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனே ஓட்டையாகும். ஹெட்டைக் கழட்டாம வேலை முடியாது. பெல்ட் மாத்துற செலவைப் போல பல மடங்கு ஆயிடும்.

5/
எல்லா காருக்கும் இந்தக் கவலை கிடையாது. அப்பா காலத்து அம்பாசடர் பெட்ரோல் வண்டில டைமிங் செயின்தான். 1962-ல ஜெர்மனில வந்த கிளாஸ் 1004-தான் ரப்பர் டைமிங் பெல்ட்டோட விற்பனைக்கு வந்த முதல் கார். சத்தம் கம்மி, எடை கம்மி, விலையும் கம்மி, எண்ணெய் வேண்டாம். அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

6/
நம்ம ரோட்டுல ஓடுறதுல பெல்ட் வண்டிகள்: பழைய சான்ட்ரோ, ஆல்டோ 800, டாடா இண்டிகா டீசல், டஸ்டர் 1.5 டீசல், போலோ 1.5 டீசல், ஈகோஸ்போர்ட் 1.5 டீசல், பழைய இன்னோவா 2.5 டீசல். செயின் வண்டிகள்: ஸ்விஃப்ட் 1.3 டீசல், இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசல்.

பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. ஐ10-ல 1.1 எஞ்சின்னா பெல்ட், 1.2 கப்பா எஞ்சின்னா செயின். எஞ்சினைக் கேளுங்க.

7/
செயின் எண்ணெய்க்குள்ள ஓடுது. தேய்ஞ்சா இழுபட்டு, காலையில ஸ்டார்ட் பண்றப்போ சலசலன்னு சத்தம் போடும். பெல்ட் பெரும்பாலும் அதுகூட போடாது. நேத்து வரைக்கும் எப்படி ஓடுச்சோ இன்னைக்கும் அப்படியே ஓடும், திடீர்னு நிக்கும். அறிகுறியே இல்லாத நோய் மாதிரி.

8/
சரி, எங்க வீட்டுக் கதைக்கு வரேன். எங்ககிட்ட இருக்கிறது பெல்ட் போட்ட பழைய டீசல் கார். கம்பெனி பேர் வேண்டாம். ஓடினது 61,000 கி.மீ. மேனுவல்ல பெல்ட்டுக்கு ரெண்டு கெடு போட்டிருக்கு: இத்தனை கி.மீ. அல்லது இத்தனை வருஷம், எது முதல்ல வருதோ அது. கி.மீ. கணக்குல இன்னும் நிறைய பாக்கி. வருஷக் கணக்குல கெடு முடிஞ்சு 7 மாசம்.

9/
வண்டி ஓட்டுறது பெரும்பாலும் சித்தப்பா பையன். அவன் கட்சி: "அண்ணே, வண்டி சும்மா ஜம்முனு ஓடுது. லட்சம் தொட்டப்புறம் பாத்துக்கலாம்." தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரும் அதே கட்சி: "கவரைக் கழட்டிப் பாத்தேன் சார், வெடிப்பு ஒண்ணுமில்ல. ஓடுற வரைக்கும் ஓட்டுங்க."

ரெண்டு பேரும் சொன்னதுல தப்பான எண்ணம் எதுவும் இல்ல. ஆனா ரெண்டுலயும் ஓட்டை இருக்கு.

10/
முதல் ஓட்டை: "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

தேய்மானத்தால போற பொருளுக்கு இந்த வாதம் செல்லாது. 80 வயசு வரைக்கும் நல்லா இருந்தார்ங்கிறதுக்காக 81-ல அவருக்கு ஆபத்து குறைஞ்சிடாது, கூடத்தான் செய்யும். ரப்பரும் அப்படித்தான். ஷெட்டுல சும்மா நின்னாலும் சூட்டுல இறுகும். அதனாலதான் மேனுவல்ல வருஷக் கணக்கும் போட்டிருக்காங்க. "டாக்டர் ஓட்டின வண்டி, 10 வருஷத்துல 30,000-தான் ஓடியிருக்கு"ன்னு விளம்பரம் பாத்தா, பெல்ட் விஷயத்துல அது பெருமை இல்ல, எச்சரிக்கை.

11/
இரண்டாவது ஓட்டை: "ஓடோமீட்டர்ல கம்மியாதான் காட்டுது."

அப்பாவுக்கு வாரம் 2 நாள் சிதம்பரத்துல டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். சித்திரை வெயில்ல தம்பி வண்டிக்குள்ளேயே ஏசி போட்டு உக்காந்திருப்பான். எஞ்சின் ஐடில்ல நிமிஷத்துக்கு 800 சுத்துன்னாலும், ஒரு மணி நேரத்துல 48,000 சுத்து. ஓடோமீட்டர்ல பூஜ்யம். நின்ன இடத்துலயே பெல்ட் கிட்டத்தட்ட ஒரு தடவை சிதம்பரம் போன அளவுக்கு உழைச்சிருக்கு.

12/
நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்கு கிள்ளை வர்ற அன்னைக்கு வண்டி நகருமா? ரெண்டு மணி நேரம் எஞ்சின் ஓடும், ரெண்டு கி.மீ. போயிருக்கும். அந்த மாதிரி நாளை எந்த மீட்டரும் எழுதி வைக்காது.

மேனுவலோட கடைசிப் பக்கங்கள்ல "கடினமான உபயோகம்"னு ஒரு பகுதி இருக்கும். தூசி, கடும் வெயில், அடிக்கடி குட்டிக் குட்டிப் பயணம், அதிக நேரம் ஐடில். பிச்சாவரம் பக்கத்துல வண்டி வச்சிருக்க நாம அந்தப் பட்டியல்ல எத்தனைல வரோம்னு நீங்களே எண்ணிக்குங்க.

13/
மூணாவது ஓட்டைதான் முக்கியம்: "பாத்தேன், வெடிப்பு இல்ல."

பழைய காலத்து பெல்ட் நியோப்ரீன் ரப்பர். வயசானா வெடிப்பு விடும், கண்ணுல தெரியும். இப்ப பெரும்பாலும் வர்றது ஹெச்.என்.பி.ஆர்.னு சூடு தாங்குற வேற ரகம், உள்ள கண்ணாடி இழை நரம்பு. இது கடைசி வரைக்கும் வெளியில பளபளன்னு இருந்துட்டு, உள்ள நரம்பு களைச்சு, பல்லோட வேர் விட்டுப் போகலாம். வெடிப்பு இருந்தா உடனே மாத்தணும். வெடிப்பு இல்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. டெஸ்ட் நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லாத மாதிரி.

14/
இங்கதான் ஆஸ்பத்திரிக் கணக்கு வருது. அடிவயித்துல அயோர்ட்டான்னு பெரிய ரத்தக்குழாய் இருக்கு. அகலம் சுமாரா 2 செ.மீ. சிலருக்கு, குறிப்பா புகை பிடிக்கிற வயசான ஆண்களுக்கு, அதோட சுவர் தளர்ந்து பலூன் மாதிரி உப்பும். வலி இருக்காது. வெடிச்சா பலர் ஆஸ்பத்திரி வந்து சேர மாட்டாங்க.

அப்ப பாத்த உடனே ஆபரேஷன் பண்ணிடலாமே? பண்ண மாட்டோம்.

15/
ஏன்னா ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு. 4-லேருந்து 5.5 செ.மீ. வரைக்கும் உள்ளவங்களுக்கு சீக்கிரமே ஆபரேஷன் பண்ணினா ஆயுள் கூடலைன்னு பிரிட்டன்ல நடந்த ஆய்வு 1998-ல லான்செட்ல வந்துச்சு. அதனால ஆண்களுக்குப் பொதுவா 5.5 செ.மீ. வரைக்கும் காத்திருப்போம். பயமில்லாம காத்திருக்க முடியறதுக்கு ஒரே காரணம், ஸ்கேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவையோ வருஷத்துக்கு ஒரு தடவையோ அளந்து பாக்கலாம்.

16/
டெட்டனஸ் கதை வேற. கழிமுகத்துல சிப்பி கிழிச்சு, தூண்டில் முள் குத்தி எங்ககிட்ட வர்றவங்க ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம்னு யாரும் அளந்துட்டு உக்காந்திருக்கிறதில்ல. கடைசி ஊசி எப்ப போட்டீங்கன்னு தேதி கேப்போம். தெரியலைன்னா போடலைன்னே எடுத்துக்கிட்டு ஊசி போட்டுடுவோம்.

அளக்க முடிஞ்சா காத்திருக்கலாம். அளக்க முடியலைன்னா தேதிக்கு மரியாதை கொடுக்கணும். பெல்ட்டுக்கு ஸ்கேன் கிடையாது. அது டெட்டனஸ் ஊசி கட்சி.

17/
இன்னொண்ணும் சேத்துக்கணும். ஆபத்துங்கிறது நடக்க எவ்வளவு வாய்ப்புங்கிறது மட்டும் இல்ல, நடந்தா யாருக்கு என்ன ஆகும்ங்கிறதும்தான். வீட்டுல ரெண்டு வண்டி, லோக்கல்ல மட்டும் ஓட்டுறேன், வழில நின்னா ஆட்டோ பிடிச்சுக்குவேன்னா உங்க கணக்கு வேற. எங்க வீட்டுல ஒரே வண்டி. அதுல அப்பா, டயாலிசிஸ் முடிஞ்சு தலை சுத்தலோட சாய்ஞ்சு படுத்து வருவார். அவரை ராத்திரி 8 மணிக்கு ரோட்டோரத்துல இறக்கி விட முடியாது. இதே பெல்ட், இதே வயசு, ஆனா எங்களுக்கு கெடு முன்னாடியே வந்துடுச்சு.

18/
அதுக்காக மெக்கானிக் மாறும்போதெல்லாம் பெல்ட்டை மாத்தச் சொல்லல. இதுவும் ஒரு ஆபரேஷன்தான். ஒரு பல்லு தள்ளி மாட்டினா போதும், பழைய பெல்ட் செய்யாததைப் புது பெல்ட் செஞ்சிடும். செய்யக் கொடுக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது:

• உங்க எஞ்சினுக்கான டைமிங் லாக் டூல் இருக்கா? பெயின்ட்ல கோடு போட்டு மாட்டுறவர்னா யோசிங்க.
• பெல்ட் மட்டுமா, டென்ஷனர், ஐட்லர் பேரிங்கும் சேத்தா? வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுத்துதுன்னா அதையும் சேத்து மாத்துங்க. பழைய பம்ப் பின்னால கசிஞ்சா, கூலன்ட் பட்டு புது பெல்ட்டும் போகும், அதே கூலியைத் திரும்பக் கொடுக்கணும்.
• மேனுவல்ல புது போல்ட் போடச் சொல்லியிருந்தா, பழசைத் திரும்பப் போடக் கூடாது.
• மாட்டினதும் செல்ஃப் அடிக்கக் கூடாது. கையால கிராங்கை 2 முழுச் சுத்து சுத்தி, குறி சரியா வந்து நிக்குதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட்.

19/
தேதிக்குக் காத்திருக்காம உடனே பாக்க வேண்டிய சூழ்நிலைகள்: பெல்ட் மேல ஆயிலோ கூலன்டோ கசிஞ்சிருந்தா, எஞ்சின் முன்பக்கம் பேரிங் முனகினா, வண்டி வெள்ளத்துல நின்னிருந்தா. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம்ம கடலூர் மாவட்டம் மறந்திருக்காது. கவருக்குள்ள சேறு புகுந்தா பெல்ட்டும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

பழைய வண்டி வாங்குறீங்களா? "மாத்தியாச்சு சார்"னு வாய்வார்த்தை செல்லாது. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கிட்டு, அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

20/
ஓடுறப்பவே அறுந்துட்டா? எஞ்சின் பட்டுன்னு நிக்கும். ஸ்டியரிங் கனக்கும், ஆனா திரும்பும். பிரேக்குக்கு ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தி ஓரங்கட்டுங்க. சாவியை லாக் வரைக்கும் திருப்பிடாதீங்க.

அப்புறம் முக்கியமானது: திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க. நாலு பேர் சேந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் விடாதீங்க. உதவி பண்ண வர்றவங்க முதல்ல அதைத்தான் செய்வாங்க. பெல்ட் நழுவியிருந்தா மிச்சம் இருக்குற வால்வும் அதுல வளைஞ்சிடும். டோ பண்ணிட்டுப் போங்க.

21/
நாங்க மாத்திட்டோம். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம். ஒரு நாள் முழுக்க ஆச்சு, அது டயாலிசிஸ் இல்லாத நாளா பாத்து விட்டோம்.

கழட்டின பெல்ட்டை மெக்கானிக் கையில கொடுத்தார். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. "இதுக்குப் போயா அண்ணே இவ்ளோ செலவு"ன்னு தம்பி கேட்டான்.

22/
அவன்கிட்ட என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல. இந்த பெல்ட் இன்னும் 2 வருஷம் ஓடியிருக்கலாம், அடுத்த வாரமே போயிருக்கலாம். தடுக்கிற வேலைல இருக்கவங்களுக்கு இது பழகின விஷயம். நடக்காம போனதைக் காட்டி யாரையும் நம்ப வைக்க முடியாது. அவனுக்கு நான் சொன்னது ஒண்ணுதான்: "அப்பாவை ஏத்திட்டு வர்றப்போ இனிமே எனக்கு இந்த யோசனை வராது. அதுக்குத்தான் காசு."

23/
அப்பா பில்லை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தேதியையும் கி.மீ.யையும் ரெண்டு தடவை படிச்சார். "அடுத்த தடவை மாத்துறப்போ நான் இருக்கேனோ இல்லையோ. பத்திரமா வைப்பா, உனக்குத் தேதி தெரியணும்ல"ன்னாரு. ஆர்.சி. புக்கோட சேத்து வச்சிருக்கேன். பானட்டுக்குள்ளயும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியாச்சு.

24/
இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. டேஷ்போர்டுல கிடக்குற மேனுவலை எடுத்து, உங்க எஞ்சின்ல பெல்ட்டா செயினான்னு பாருங்க. பெல்ட்னா, கி.மீ., வருஷம் ரெண்டு கெடுவையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. வண்டி வாங்கின தேதியைப் பக்கத்துல எழுதுங்க. அந்த வண்டில யாரையெல்லாம் ஏத்திட்டுப் போறீங்கன்னும் எழுதுங்க. எப்ப மாத்தணும்னு அந்தப் பேப்பரே சொல்லிடும்.