துப்பாக்கிக்கு உப்புத்தாள்!

புது பைக் வாங்கினால் நம்ம பசங்க முதல்ல கை வைக்கிறது சைலன்சர்லதான். அப்புறம் ஹேண்டில்பார், அப்புறம் ஸ்டிக்கர். முதல் சர்வீஸுக்குள்ளேயே ஷோரூம்காரருக்கே அடையாளம் தெரியாத வண்டி ஆகிவிடும். அதே வியாதி துப்பாக்கிக்கும் உண்டு என்பது எனக்குச் சொந்தமாக ஒன்று வந்த பிறகுதான் தெரிந்தது.

பதறாதீங்க! நான் சொல்வது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அடைத்து வைத்த காற்றில் சுடுவது. 4.5 மி.மீ. ஈயக் குண்டு, எடை அரை கிராம்தான். குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் சக்தி சுமார் 6 ஜூல். 4.5 மி.மீ.க்கு மேல் போகாத, 20 ஜூலுக்குள் இருக்கிற காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ம் வருட ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக பஸ் ஸ்டாண்டில் எடுத்து போஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் பூட்டி எடுத்துப் போய், ரேஞ்சில் மட்டும் திறக்கணும். அவ்வளவுதான் அதன் உலகம்.

இரண்டு வருஷம் கிளப் துப்பாக்கியிலேயே பழகினேன். அதில் காலையில் ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர், சாயங்காலம் நான். சொந்தமாக வாங்கியபோது விலை ஒன்றே முக்கால் லட்சம். அப்பா பி.எஃப். பணத்தில் கை வைத்தார். அப்போது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கேம்பஸ்ல வேலை கெடச்சு நீ இதை விட்டுட்டாலும், வித்தா முக்கால்வாசிக் காசாவது வந்துரும்லம்மா?" வரும்ப்பா என்றேன். உண்மைதான். ஒரிஜினல் கைப்பிடியோடு, கீறல் இல்லாமல் இருந்தால் வரும். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

பெட்டியைப் பிரித்த அன்றே யோசனைகள் வந்து குவிந்தன. "ட்ரிக்கரை லேசாக்கிடு" என்றார் ஒரு சீனியர் அண்ணா. "கண்ணாடி ஃப்ரேம் வாங்கு, ஐரிஸ் போட்டது" என்றாள் தோழி. "எலெக்ட்ரானிக் ட்ரிக்கர் மாடல் எடுத்திருக்கலாமே" என்று ஒருத்தர். எடுத்ததுக்கு அப்புறம் சொல்றதுக்குன்னே ஊருக்கு நாலு பேர் இருப்பாங்களே, அவர்! என் கையில் மிச்சம் இருந்தது பதினஞ்சாயிரம். அதில் குண்டு டப்பாவும் வாங்கணும்.

முதலில் ட்ரிக்கர். சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். குழலை வானம் பார்க்க நிறுத்தி, ட்ரிக்கரில் எடையை மாட்டித் தூக்குவார்கள். துப்பாக்கி எடையைத் தூக்கணும், நடுவில் 'டிக்' என்று சத்தம் வந்தால் போச்சு. ஆக அரைக் கிலோவுக்குக் கீழே யாரும் போக முடியாது. கம்பெனியிலிருந்தே அதற்குக் கொஞ்சம் மேலேதான் வைத்து அனுப்புகிறார்கள். இதில் லேசாக்க என்ன இருக்கிறது? நான் செய்தது ஒன்றுதான். ட்ரிக்கரின் நாக்கைத் தண்டவாளத்தில் தள்ளுகிற மாதிரி முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதை என் ஆள்காட்டி விரலின் முதல் கணு நேராக வந்து உட்கார்கிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். செலவு: பூஜ்யம். ஆலன் கீ பெட்டியிலேயே இருந்தது.

எலெக்ட்ரானிக் ட்ரிக்கரை நான் குறை சொல்லவில்லை, உலகம் முழுக்கச் சுடுகிறார்கள். ஆனால் 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கருக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கியில் கோளாறு. சரிசெய்வதிலேயே பொன்னான நிமிடங்கள் போய், 575 புள்ளிகளோடு 12-வது இடம். இறுதிப் போட்டிக்கு எட்டுப் பேர்தான். அதே மனு 2024-ல் பாரிஸில் வெண்கலம் வாங்கினார், அது வேற கதை. எங்க சார் இதை அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, "சிலிண்டருக்கு ஓ-ரிங் ஸ்பேர் ரெண்டு பையில இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது சார். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது, கார் டயரைப் போல சுமார் நூறு மடங்கு. அதன் மேல் தேதி அடித்திருக்கும், பத்து வருஷம்தான் ஆயுள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல் அந்தத் தேதியைப் பாருங்க.

கண்ணாடி விஷயத்தில் எனக்குத் துணைக்கு வந்தவர் துருக்கியின் யூசுப் டிகெச். பாரிஸில் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கினாரே, அவரேதான். மீம்ஸ் போட்டவர்கள் எல்லாம் "எந்தப் பொருளும் இல்லாம ஜெயிச்சார்" என்றார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்க. முகத்தில் ஒன்றும் இல்லைதான், கையில் இருந்தது பக்கா போட்டித் துப்பாக்கி. அந்தக் கைப்பிடியை மட்டும் யாரும் மீம் போடவில்லை.

கைப்பிடிக்கு வருவோம். இங்கேதான் என் மெக்கானிக்கல் மூளை கொஞ்சம் வேலை செய்தது.

என் துப்பாக்கியில் பின் குறிக்கும் முன் குறிக்கும் நடுவில் இருக்கிற தூரம் 330 மி.மீ. பின் குறியின் பள்ளத்துக்குள் முன் குறி ஒரு மி.மீ. தள்ளி நின்றால், 10 மீட்டரில் அது எவ்வளவாகும்? பத்தாயிரத்தை 330-ஆல் வகுங்க. 30 மி.மீ! பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். 30 மி.மீ. தள்ளிப் போனால் கிடைப்பது 7. அரை மி.மீ. தள்ளினால்கூட 15 மி.மீ. விலகி 9.

இப்போது இன்னொரு கணக்கு. குறிகள் இரண்டும் கச்சிதமாக இருக்கு, ஆனால் கை மொத்தமாக 5 மி.மீ. பக்கவாட்டில் ஆடுகிறது. குண்டும் 5 மி.மீ.தான் விலகும். குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே போதும் என்பதால் அது 10-தான். கை ஆடுவதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம். நம்மைக் கவிழ்ப்பது மணிக்கட்டு திரும்புகிற அந்த ஒரு மி.மீ. மணிக்கட்டு ஏன் திரும்புகிறது? கைப்பிடி கையில் உட்காரவில்லை, அதனால்தான்.

போட்டித் துப்பாக்கிகளுக்கு வால்நட் மரத்தில் கைப்பிடி வருகிறது. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சட்டை மாதிரி அளவு. மொரினி என்கிற பிரபல கம்பெனி துப்பாக்கிக்கு வரும் முன்பே கைப்பிடிக்குத்தான் பெயர் வாங்கியது. ஆனால் என் கை ஸ்மாலுக்கும் சின்னது. கட்டைவிரல் திண்டில் எட்டவில்லை, உள்ளங்கையின் நடுவில் ஒரு பொந்து. 2018-லிருந்து பெண்களுக்கும் ஆண்களைப் போலவே 60 ஷாட், 75 நிமிடம். அதற்கு முன் 40 ஷாட்தான். பயிற்சிக் குண்டுகள், சுடாமல் இறக்குவது எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோவை நூறு தடவையாவது தூக்குவேன். முப்பதாவது ஷாட்டில் கட்டைவிரல் அடியில் வலி ஆரம்பிக்கும். நாற்பதில் 8 வர ஆரம்பிக்கும். மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் அடிக்கிறதும் அடிக்காததும் அந்தக் கடைசி இருபதில்தான் இருக்கு.

சார் ஒரு சோதனை சொன்னார். கண்ணை மூடு, கையை உயர்த்து, கண்ணைத் திற. முன் குறி எங்கே நிற்குதுன்னு எழுது. இருபது தடவை செய்தேன். பதினாலு தடவை இடது சுவரில் ஒட்டிக்கிடந்தது. நோட்டைப் பார்த்தார். பையிலிருந்து ஓர் அரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "அறுத்துடும்மா."

ஒன்றே முக்கால் லட்சம்! பிரித்து மூன்று வாரம்!

இம்போர்ட் செய்கிற 'அளவெடுத்த' கைப்பிடி என் பட்ஜெட்டுக்கு எட்டாது. இருக்கிறதை அறுத்தால் அது என் கைக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் விற்க முடியாது. அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். கணக்கை எல்லாம் விளக்கி, "ஒரு தடவை இழைச்சுட்டா ரீசேல் கெடையாதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் டி.வி.யில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப விட மாட்டேங்கிற?" என்றார். "விட மாட்டேன்ப்பா." "சரி, பாத்து அறு."

அடுத்த பத்து நாள் ஹாஸ்டல் ரூம் தச்சுப் பட்டறை ஆகிவிட்டது. (மரம் இழைக்கும்போது கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். துப்பாக்கி கிளப் லாக்கரில்.) உள்ளங்கையில் குங்குமத்தைப் பூசிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தால், தொடுகிற இடமெல்லாம் சிவப்பு ஒட்டும். ஒட்டாத இடம் பொந்து. அழுத்தமாக ஒட்டிய இடம் மேடு. மேட்டை அரத்தால் சீவி, உப்புத்தாள் போட்டேன். பொந்தில் எம்-சீல் பிசைந்து வைத்து, ஈரம் தொட்ட கையால் பிடித்தேன். விரல் அச்சு அப்படியே விழுந்தது. வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வைக்கிறோமே, அதே எம்-சீல்தான்! அறைத்தோழிகள் முதல் நாள் "என்னடி இது, யாரைக் கொலை பண்ணே?" என்றார்கள், சிவந்த கையைப் பார்த்து.

இஷ்டத்துக்கு இழைக்கவும் முடியாது. கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. மணிக்கட்டு வெளியே சுதந்திரமாகத் தெரியணும். உள்ளங்கைக்குக் கீழே வருகிற தட்டு, கைப்பிடிக்கு 90 டிகிரிக்குக் குறைவாக மேல்நோக்கி மடங்கக் கூடாது. முழுத் துப்பாக்கியும் 420, 200, 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அடங்கணும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 50 மி.மீ. அகலம்தான் ஆபத்து. எம்-சீல் அப்புகிற உற்சாகத்தில் அது சுலபமாகத் தாண்டிவிடும். தினமும் வெர்னியரை வைத்து அளந்தேன். முதல் வருஷ லேபில் வெர்னியரைத் திட்டியவள் நான்.

மற்றதெல்லாம் சின்னச் செலவு. பின் குறியின் பள்ளத்தைத் திருகாணியால் கொஞ்சம் அகலப்படுத்தி, முன் குறியின் இருபுறமும் வெளிச்சம் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்தேன். குண்டு 4.49, 4.50 என்று நூலிழை வித்தியாசத்தில் வருகிறது. துப்பாக்கியை வைஸில் பூட்டிச் சுட்டால் எந்த நல்ல டப்பாவும் பத்துக்குள்ளேயே விழுகிறது. என் லெவலுக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. கட்டாயமாக வாங்கியது குழலுக்குள் நுழைக்கிற ஆரஞ்சு நிற சேஃப்டி வயர். துப்பாக்கி காலி என்று பக்கத்து லேனுக்குச் சொல்வது அதுதான். இருந்த காசில் பெரும்பங்கு குண்டு டப்பாக்களுக்கே போனது. ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. கேன்டீன் சமோசா அப்புறம்.

பதினோராவது நாள் அதே சோதனை. இருபதில் பதினாறு தடவை முன் குறி நட்ட நடுவில். சார் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் டிக் அடித்தார். அறுபது ஷாட்டும் சுட்டு முடித்தேன். கடைசிப் பத்தில் ஒரே ஒரு 8.

போன மாதம் அப்பா ரேஞ்சுக்கு வந்திருந்தார். காலியான துப்பாக்கியை, ஆரஞ்சு வயரோடு, குழல் டார்கெட்டைப் பார்க்க அவர் கையில் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார். அவர் விரல்கள் தடித்தவை. என் எம்-சீல் பள்ளம் எதிலும் அவை உட்காரவில்லை. இரண்டு தடவை பிடியை மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இது ஆகாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.