அமராவதி மணலில் காசு அரிப்பவர்கள்

கரூரில் அமராவதி வற்றிக் கிடக்கும் மாதங்களில், மணலைத் தோண்டி அரித்துக்கொண்டிருக்கும் சிலரை ஆற்றுக்குள் பார்க்கலாம். பொன்துகள், செம்பு, ஈயம், பித்தளை எது கிடைத்தாலும் அவர்களுக்கு அன்றைய கூலி. பழங்காசு அதில் ஒரு பங்குதான். மாக்கோதை, கொல்லிப்பொறை என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் காசுகள் கரூர்ப் பகுதியிலிருந்துதான் ஆய்வாளர்கள் கைக்குப் போயின. அவற்றைப் படித்து உலகுக்குச் சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். குனிந்து மணலிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

நான் சந்தித்த பெரியவர் அப்பாவிடம் தொழில் கற்றவர். மனைவி தண்ணீர் மொண்டு ஊற்ற, அவர் அகன்ற மரத்தட்டைச் சுழற்றுகிறார். "மேல் மணல்ல ஒண்ணும் இருக்காதுங்க தம்பி" என்றார். எடை கூடிய பொருள் எல்லாம் வெள்ளத்தில் கீழே இறங்கி, களிமண்ணுக்கு மேலே இருக்கும் கூழாங்கல் அடுக்கில் தங்கிவிடும். ஆறு வளையும் இடம், பாறையின் பின்புறம், பாலத்தூண் அடி என்று தண்ணீர் வேகம் குறையும் இடமாகப் பார்த்துத் தோண்டுகிறார்கள். அந்த அடுக்கை எட்ட இடுப்பளவு குழியாவது வேண்டும். தட்டைச் சுழற்றச் சுழற்ற மணல் வழிந்து போய்க் கடைசியில் ஒரு கைப்பிடி கருமணல் மிஞ்சும். அதற்குள் ஆணி, ஈயத்துண்டு, உடைந்த மணி, எப்போதாவது ஒரு காசு.

அன்று அவர் என் உள்ளங்கையில் வைத்தது கறுத்துப்போன ஒரு வட்டத் தகடு. இரண்டு பக்கமும் வழவழ என்றிருந்தது. உருவமும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. இதில் என்ன சொல்ல முடியும் என்று கேட்டேன். "முகம் போனாப் போகட்டுங்க, ஒடம்பு இருக்குதில்லீங்க" என்று சொல்லி, கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுற்றி வருடினார்.

அவர் செய்ததை நாணயவியல் அறிந்தவர்களும் அதே வரிசையில்தான் செய்கிறார்கள். முதலில் விளிம்பு. இயந்திரத்தில் அடித்த கிழக்கிந்தியக் கும்பினிக் காசு என்றால் வட்டம் பிசகாது, கனம் எங்கும் ஒன்றாக இருக்கும். 1803, 1808 என்று ஆண்டு பொறித்த சென்னைப் பத்துக் காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்துக் கப்பலில் வந்தவை. எவ்வளவு தேய்ந்தாலும் அந்த ஒழுங்கு மாறாது. இந்தக் காசின் விளிம்பிலோ கையால் அடித்ததில் விழுந்த சிறு வெடிப்பு இருந்தது, ஒரு பக்கம் கனம் கூடியிருந்தது. சங்க காலப் பாண்டியர், சேரர் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரமானவை, அவையும் விலகின. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகளும் கரூரில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை சுண்டுவிரல் நகமளவே இருக்கும், எடையும் ஒன்றிரண்டு கிராம்தான். இதுவோ நகைத்தராசில் நான்கு கிராமை நெருங்கியது.

அடுத்தது வெளிச்சம். நேர் வெயிலில் காட்டினால் தேய்ந்த காசு ஒன்றும் சொல்லாது. பெரியவர் காசைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, வெயில் பக்கவாட்டில் படுமாறு மெல்லத் திருப்பினார். மேடு விழுத்திய நிழலில் நெட்டுக்குத்தாக ஓர் உருவம் எழுந்தது: மலர் ஏந்தி நிற்கும் ஆள். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம், அதன் வலப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில கீறல்கள். மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலால் லேசாகத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரிந்தது. நாகரி எழுத்தில் மூன்று வரிகள், நடுவரியில் மட்டும் 'ராஜ' என்று படிக்கும் அளவுக்கு வடிவம் மிஞ்சியிருந்தது.

முதலாம் இராசராசன் காசு. 985 முதல் 1014 வரை ஆண்டவன். ஈழத்தின் வடபகுதியைச் சோழர் பிடித்தபின் இந்த வடிவம் அங்கே வேரூன்றி, பராக்கிரமபாகு முதலான பொலன்னறுவை அரசர்களும் இதே நின்ற உருவம், அமர்ந்த உருவத்தை வைத்தே தங்கள் காசை அடித்தார்கள். ஆகவே உருவம் மட்டும் போதாது. அந்த நடு வரியும், காசு கிடைத்த இடமும் சேர்ந்துதான் சோழன் பக்கம் முடிவு சொல்கின்றன.

இடம் என்பது இங்கே பாதிச் சாட்சி. அதுதான் முதலில் தொலைகிறது. ஆற்றில் எடுத்தது வியாபாரிக்குப் போகிறது. அவர் பல ஆற்றுக் காசுகளை ஒரே டப்பாவில் போடுகிறார். கலந்ததும் ஊரில்லாத காசாகிவிடுகிறது. எந்த மடுவில், எவ்வளவு ஆழத்தில் என்னென்ன காசு சேர்ந்து கிடைத்தது என்பது பெரியவர் மனதில் துல்லியமாக இருக்கிறது. சொல்லப் பயப்படுகிறார். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் இவருக்கு வழக்கு என்ற ஒரே சொல்லாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அருகே புகலூர் ஆறுநாட்டார் மலையில், கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் கொடை கல்லில் இன்றும் இருக்கிறது. அந்த வாணிகம் புழங்கிய காசுகளைப் பற்றி நிறையத் தெரிந்த மனிதர் இங்கே வாய் மூடி இருக்கிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு கேடு புளி. கறுத்த காசைக் கண்டதும் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். நூற்றாண்டுகளாகப் படிந்த பாசிநிறப் படலம்தான் மிஞ்சிய எழுத்தைத் தாங்கி நிற்கிறது. தேய்த்தால் செம்பு பளபளக்கும், எழுத்து போய்விடும்.

தொல்லியல் துறையினர் மணல் அரிக்கும் இந்த மனிதர்களிடம் விசாரணைக்காக அல்லாமல், கேட்டு எழுதிக்கொள்வதற்காகப் போக வேண்டும். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. உங்கள் கைக்கு ஒரு பழங்காசு வந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம். ஊர், ஆற்றின் எந்தப் பகுதி, எவ்வளவு ஆழம், எடுத்தவர் யார் என்று ஒரு சீட்டில் எழுதிக் காசோடு சேர்த்து, பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.