பெயர் தொலைந்த முகங்கள்

எடின்பரோவில் சர் ஹென்றி ரேபர்ன் (1756–1823) தீட்டிய தைலவண்ண ஓவியங்களில் சில முகங்களுக்கு இன்று பெயரில்லை.

அவர் ஓவியத்தில் கையெழுத்திடுவது அபூர்வம். யார் யார் வந்து அமர்ந்தார்கள் என்ற பதிவேடும் மிஞ்சவில்லை. ஓவியம் வீடு மாறி ஏலத்துக்குப் போகும்போது, குடும்பத்தார் வாய்வழியாகச் சொல்லிவந்த பெயரும் தொலைந்துபோகும்.

முகம் மட்டும் அப்படியே இருக்கிறது!

அதைத் தீட்டியது, பொற்கொல்லரிடம் தொழில் பழகிய ரேபர்னின் கை. முன்வரைவு எதுவும் இல்லாமல் நேராகத் துணியில் தூரிகை வைத்தது. மூக்கின் நிழல் பட்டையாக ஒரு தீற்றல். நெற்றியில் கெட்டியான வெளிச்சம்.

பெயர் தெரியாத ஓவியத்தைப் பலர் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். கழுத்துத்துணி கட்டிய விதம், கோட்டுக் காலரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். பெயரைத் தேடும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.