காதில் குத்திய பொய்

நான் முயல் வளர்த்து விற்கிறவன். என் முயல்களின் காதில் இருந்த எண்களில் பல பொய். தெரிந்தேதான் விற்றேன்.

வெள்ளை ஜெயண்ட் இன முயல்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தாயிடமிருந்து பிரிக்கும் வயதில் குட்டியின் காதில் எண் குத்தி, மை தேய்ப்போம். அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் தாயும் தகப்பனும் இருக்கும். எண் அழிந்தால் வம்சக் கணக்கும் அழிந்தது.

பச்சை குத்தும் குறடு வாங்கப் போனபோது இரண்டு இருந்தன. ஒன்று துருப்பிடிக்காத எஃகு. கனமானது, வாய் சரியாகப் பொருந்தும். மற்றது லேசானது, விலை குறைவு. கனமானதையே வாங்கச் சொல்லியிருந்தார் கால்நடை மருத்துவர். குட்டிக் காதில் குத்த இவ்வளவு செலவா என்று நினைத்தேன். மலிவானதை எடுத்தேன். அது கஞ்சத்தனம்.

அதையும் நான் பேணவில்லை. வேலை முடிந்ததும் ஊசிகளைக் கழுவித் துடைக்காமல், மையோடு பெட்டியில் போட்டேன். ஊசி துருவேறியது. ஆணி தளர்ந்து வாய் கோணியது. குத்துமுன் ஓர் அட்டையில் அழுத்திப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அது சோம்பல்.

எண் பதியாதபோது கூடுதல் பலத்தோடு அழுத்தினேன். ஊசி ரத்தக் குழாயில் இறங்கியது. ரத்தம் மையைக் கழுவிக்கொண்டு போயிற்று. முயல் லேசில் சத்தம் போடாது. அந்தக் குட்டி அலறியது. நான் நிறுத்தவில்லை. அதே காதில் மறுபடி குத்தினேன். காது சீழ் பிடித்தது. மற்ற குட்டிகளின் காதில் 3 எது, 8 எது என்று புரியவில்லை. உத்தேசமாகப் பதிவேட்டில் எழுதினேன்.

சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி ஓர் அக்கா ஜோடி வாங்க வந்தார். "தம்பி, ரெண்டும் வேற வேற தாய்க்குட்டிதானே?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை.

அந்த ஜோடிக்குப் பிறந்த குட்டிகளில் சிலவற்றுக்குப் பல் கோணியிருந்தது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். மேலும் கீழும் உரசித் தேயாவிட்டால் தீனி கடிக்க முடியாது. அவை மெலிந்து செத்தன. அக்கா என்னிடம் வந்து சொன்னபோது, "உங்க தீனி சரியில்லை" என்றேன். அவர் அதை நம்பித் தன்னையே நொந்துகொண்டார். என் தவறுகளிலேயே பெரியது அதுதான்.

அவர் போனபின் கூண்டு கூண்டாக எண்ணினேன். மற்ற ஈற்றுக் குட்டிகள் எல்லாம் என்னிடமே இருந்தன. அப்படியென்றால் நான் கொடுத்த ஜோடி ஒரே தாயின் ஒரே ஈற்றில் உடன்பிறந்தவை. உடன்பிறந்தவை இணைந்தால் இப்படிப் பல் கோணல் வரக்கூடும். அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தவணை தவறியதால் குழுவில் கெட்ட அவர் பெயரை என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

இப்போது எஃகுக் குறடு வைத்திருக்கிறேன். அதனால் என் குற்றம் குறையாது. முயல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணைப் படிக்க முடியாவிட்டால், விற்பவர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். என்னிடம் வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.