பூன் டாட் சாலையின் கரி அடுப்புகள்

மாலை ஏழு மணியானால் சிங்கப்பூரின் வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு சாலையை அடைக்கிறார்கள். பகலெல்லாம் வண்டி ஓடிய பூன் டாட் சாலையில் மேசை நாற்காலிகள் இறங்குகின்றன. இறைச்சியைக் குச்சியில் கோர்த்துச் சுடும் சாத்தே கடைகள் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன; அவற்றில் கரி சிவக்கிறது. ஒட்டினாற்போல் லாவ் பா சாட், எட்டுப் பட்டையாக எழுந்த இரும்புச் சந்தை. உள்ளே கோழிச் சோறு, நூடல்ஸ், தோசை எல்லாம் கிடைக்கும். நான் போனது வெளியே எரியும் நெருப்பைப் பார்க்க.

அந்த நெருப்புக்கு முன்னால் கோர்க்கும் வேலை இருக்கிறது. சாத்தேயின் ருசியைக் கரியோடும் கடலைக் குழம்போடும் சேர்த்தே நாம் பேசுகிறோம். பாதி ருசி கோர்க்கிற கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நான் பார்த்த கடையில் ஒரு மலாய்ப் பெரியவர் பிற்பகலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். மஞ்சள், மல்லி, சீரகம், எலுமிச்சைப்புல், அரத்தை, சர்க்கரை சேர்த்து ஊறிய இறைச்சி எதிரே இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் சேலைக் கொசுவம் போல மடித்துக் குச்சியில் ஏற்றுகிறார். சதைத் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கொழுப்பு. குச்சியின் நுனி வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் அதுதான் முதலில் கருகும். தடிமன் ஒன்றுபோல் இல்லாவிட்டால் ஒரு பக்கம் வேகாமலும் மறுபக்கம் வறண்டும் போகும். முன்பெல்லாம் தென்னங்கீற்றின் ஈர்க்குதான் குச்சி, இப்போது மூங்கில். பல கடைகளுக்கு இன்று கோர்த்த குச்சிகளே தொழிற்கூடத்திலிருந்து வந்துவிடுகின்றன. கூலியும் ஆள் பற்றாக்குறையும் புரிகிறது. ஆனாலும் அவர் விரல்களைப் பார்த்தபின் அந்த மாற்றத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுப்பில் நின்றவர் சிங்கப்பூரிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம். நீண்டு குறுகிய தகரத் தொட்டி, அதன் விளிம்பில் பத்துப் பத்தாகக் குச்சிகள். இறைச்சி கரிக்கு மேலே, பிடி வெளியே. ஒரு பத்தைக் கையால் அள்ளி, விசிறிபோல் விரித்து, ஒரே சுற்றில் புரட்டிப் போடுகிறார். நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டை எண்ணெயில் தோய்த்து மேலே தடவுகிறார். அதுதான் அவருடைய தூரிகை. ஊறலில் சர்க்கரை இருப்பதால் கண் அசந்தால் கருகிவிடும். மஞ்சள் நிறம் ஏறிய இறைச்சி வெந்ததா இல்லையா என்று பார்வைக்கும் எளிதில் பிடிபடாது.

“இத்தனை கட்டுக்கும் எப்படிண்ணே கணக்கு வச்சிக்கிறீங்க?”

“கணக்கு இல்ல தம்பி. கொழுப்பு சொட்டுற சத்தம்தான். சத்தம் கூடுனா தீ ஏறப்போவுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள அந்தக் கட்டை நகத்திடணும்.”

பக்கத்து மேசையின் பேச்சே எனக்குக் காதில் விழாத இரைச்சல் அது. அதற்குள் அவருக்கு மட்டும் அந்தச் சொட்டு கேட்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கோழியும் ஆடுமாகப் பத்துக் குச்சி வாங்கினேன். நறுக்கிய வெள்ளரி, பச்சை வெங்காயம், ஓலையில் பொதிந்து அவிக்கும் கெத்துபாட் சோற்றுக்கட்டி ஆகியவை துணைக்கு. கடலையை வறுத்துக் கொரகொரப்பாக இடித்து, காய்ந்த மிளகாயும் புளியும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஆட்டிறைச்சியைக் குழம்பில் தோய்க்காமல் தின்ன வேண்டும் என்பது என் கட்சி. புகை, உருகிய கொழுப்பு, கருகத் தொடங்கிய சர்க்கரை மூன்றும் முதல் கடியில் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆறவிட்டால் மூன்றும் போய்விடும். படம் எடுப்பதற்காகத் தட்டை ஆறவிடுகிறவர்களைப் பார்க்கும்போது, அடுப்படியில் வியர்வையோடு நிற்கிறவருக்காக மனம் வலிக்கிறது.

லாவ் பா சாட் சந்தைக்கு நீண்ட வரலாறு. கட்டடக் கலைஞர் கோல்மன் வடிவமைத்த எட்டுப் பட்டைச் சந்தை 1838இல் தெலுக் ஆயர் கடற்கரையில் எழுந்தது. அப்போது கடல் அவ்வளவு அருகில் இருந்தது. சற்றுத் தொலைவில் தெலுக் ஆயர் சாலையில், 1828க்கும் 1830க்கும் இடையே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா, அந்தப் பழைய கரை எங்கே இருந்தது என்பதற்கு இன்றும் அடையாளம். பிறகு கடலைத் தூர்த்தார்கள். அப்படிக் கிடைத்த நிலத்தில் நகராட்சிப் பொறியாளர் மெக்ரிச்சி வரைந்தபடி இப்போதைய கட்டடம் 1894இல் வந்தது. அதன் வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறியது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமானது. 1986இல் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியபோது அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்து, பின்னர் திரும்பப் பூட்டினார்கள்.

சாத்தேக்காரர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்ததில்லை. தோளில் தடி, ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் இறைச்சி என்று தெருத் தெருவாக அலைந்தவர்கள் அவர்கள். பிறகு எஸ்பிளனேட் கடலோரத்தில் ‘சாத்தே கிளப்’ என்று கூடி விற்றார்கள். அதுவும் 1995இல் மூடப்பட்டது. இரும்பைக் கழற்றி வைத்துப் பிறகு எடுத்துப் பூட்டலாம். கொழுப்பின் சத்தம் கேட்கும் காதை எந்தக் கிடங்கில் வைப்பது? சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மானுடத்தின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்திதான். அடுப்படிக்கு அடுத்த தலைமுறை வருமா என்பதை அந்தப் பட்டியல் முடிவு செய்யாது. நீண்ட நேரம் நிற்க வேண்டும், புகையில் கண் எரியும், பத்துக் காசு ஏற்றினாலும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

அந்தக் கடையில் ஓர் இளைஞன் கோழிக் குச்சிகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஆட்டுப் பக்கம் அவன் கை போகவில்லை. ஏன் என்று அடுப்பில் நின்றவரிடம் கேட்டேன்.

“கோழியில கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் சமாளிச்சிடலாம் தம்பி. ஆடு ஒரு நொடி கூடுனா தோலாயிடும். இப்பதான் வந்திருக்கான். அடுத்த மாசம் ஆட்டுல ஒரு கட்டு குடுத்துப் பாக்கணும்.”